கடல் கடந்த பள்ளியாண்டு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பேசும் பழக்கம் நமக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு நம் படிப்பு நின்றது. ரயில்வேயில் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, மூட்டைகளுக்கு எடையும் எண்ணும் இட்டு ரசீது எழுதுவதே நம் தொழில். கற்றறிந்த சான்றோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில் கல்வியைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி உண்டு என்று செயலாளர் அவர்களிடம் கேட்டோம். "உங்கள் மகள் பள்ளிப் பருவத்திலேயே ஜப்பானுக்குச் சென்று படித்து வந்தாள் அல்லவா? அதனால் அவள் அடைந்த வளர்ச்சி யாது என்பதைக் கூறுங்கள், போதும்" என்றார். அவர் ஆணையைத் தட்ட இயலாமல் இங்கு நிற்கின்றோம். மகளின் வளர்ச்சியைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் நம் அறியாமையையும் சொல்ல நேரும். அதற்கு நாணாமல் உள்ளதை உள்ளவாறே கூற விரும்புகின்றோம்.

முதற்கண், பள்ளி மாணவரை ஓராண்டுக் காலம் அயல்நாட்டிற்கு அனுப்பும் இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றியது என்பதைச் சுருங்கச் சொல்வோம். 1915-ஆம் ஆண்டில், முதல் உலகப் போரின்போது, பிரான்சு நாட்டுப் போர்க்களங்களில் காயமுற்றோரை வண்டிகளில் ஏற்றி மருத்துவமனை சேர்ப்பதற்காக அமெரிக்க இளைஞர் சிலர் ஓர் அமைப்பாகக் கூடினர். இரண்டாம் உலகப் போரிலும் அவர்கள் அத்தொண்டினையே செய்தனர். இரு போர்களின் கொடுமையையும் கண்ணால் கண்ட அவர்களுக்கு ஓர் எண்ணம் உதித்தது. ஒரு நாட்டுப் பிள்ளை மற்றொரு நாட்டுக் குடும்பத்தில் மகனாகவோ மகளாகவோ ஓராண்டு வாழ்ந்துவிட்டால், அந்நாட்டினரைப் பகைவர் என்று எண்ண அப்பிள்ளையின் மனம் பிற்காலத்தில் எளிதில் இசையாது அன்றோ? இவ்வெண்ணத்தின் பயனாக 1947-ஆம் ஆண்டில் பள்ளி மாணவர் பரிமாற்றம் தொடங்கிற்று. ஏ.எஃப்.எஸ். என்னும் பெயரால் இன்று பல நாடுகளில் இயங்கும் அமைப்பு அதுவே. மாணவரை ஏற்கும் குடும்பத்தார் கூலி பெறுவதில்லை. தம் விருப்பத்தாலேயே ஏற்கின்றனர். இச்செய்தி நமக்கு முதலில் பெருவியப்பை அளித்தது. முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்கு எட்டுத் திங்கள், பத்துத் திங்கள் சோறிடும் மக்களும் இவ்வுலகில் உளர்!

2018-ஆம் ஆண்டில் ஜப்பான் அரசின் கல்வி அமைச்சகம் ஒரு திட்டம் வகுத்தது. ஐந்தாண்டுகளில் ஆசிய நாடுகளிலிருந்து ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தம் நாட்டிற்கு வரவழைத்து, அங்குள்ள பள்ளிகளில் பயிலச் செய்வது அதன் நோக்கம். "காகேஹாஷி" என்று அதற்குப் பெயரிட்டனர். அச்சொல்லுக்குப் பாலம் என்று பொருள். அம்முதல் ஆண்டிலேயே நம் மகள் தேர்வு பெற்றாள். அப்போது அவளுக்கு வயது பதினாறு. பதினோராம் வகுப்பு மாணவி.

அன்பர்களே, தேர்வுச் செய்தியோடு அவள் ஓடி வந்த மாலையில் நாம் கூறிய முதற் சொல் "வேண்டாம்" என்பதே. ஏன் வேண்டாம் என்றோம்? பெண்பிள்ளை என்றோம். உணவு ஒவ்வாது என்றோம். படிப்பில் ஓராண்டு வீணாகும் என்றோம். கும்பகோணத்துக்கு அருகில் சிற்றூரில் வாழும் நம் அன்னையார் இதனைக் கேள்வியுற்று இரண்டு நாள் நம்மோடு தொலைபேசியிற் பேசவே இல்லை. உறவினர் ஒருவர், "பெண்ணை மதிப்பெண் வாங்க வைக்க முடியாதவன் ஊர் சுற்ற அனுப்புகிறான்" என்றார். இவை யாவும் வெளியே சொன்ன காரணங்கள். உள்ளே இருந்த காரணம் வேறு. நாம் போகாத தொலைவுக்கு நம் குழந்தை போகப் போகிறாள் என்னும் அச்சமே அது. அன்று அதை நம்மிடமே நாம் ஒப்புக்கொள்ளவில்லை.

நம் மனத்தை மாற்றியவர் நம் துணைவியார். அவர் ஒன்றே கேட்டார்: "நீங்கள் ஊரை விட்டு வந்தபோது உங்களுக்கு என்ன வயது?" அதற்கு மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை.

நாம் தில்லிக்கு வந்தது 1997-ஆம் ஆண்டில், பதினெட்டாம் வயதில். தந்தையார் இங்கு ரயில்வே பணியில் இருக்கும்போதே மறைந்தார். அவருக்காகக் கிடைத்த வேலைக்காக வந்தோம். ஒரு தகரப் பெட்டியோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வண்டியில் இரண்டு இரவுகள் பயணம் செய்து புதுதில்லியில் இறங்கியபோது, இந்தியில் ஒரு சொல்லும் அறியோம். அதன் பின் நிகழ்ந்ததைப் பிறகு கூறுவோம்.

கடல் கடத்தலைப் பற்றிய அச்சம் நம் மக்களுக்குப் புதியதன்று. நம்மைப் போலவே எழுத்தர் ஒருவர் சென்னையில் இருந்தார். 1912-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் திங்களுக்கு முப்பது ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். கும்பகோணத்தில் வளர்ந்த அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தபோது, குடும்பத்தின் ஆசாரமும் அன்னையாரின் தயக்கமும் குறுக்கே நின்றன. முடிவில் 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் அவர் கப்பலேறினார். அவரே கணித மேதை இராமாநுஜன் ஆவார். அவர் கண்டறிந்த கணக்குகளை விளங்கிக்கொள்ள நமக்கு அறிவு போதாது. ஆனால் அவரைப் பற்றிய சிறு செய்தி ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. கேம்பிரிட்ஜில் அவர் குளிரால் நடுங்கி உறக்கமின்றி இருந்தார். பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் ஒரு நாள் அவர் அறைக்குச் சென்று பார்த்தபோது, கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை இராமாநுஜன் அறியவில்லை. மேலேயே படுத்து வந்திருக்கிறார்! மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார். எத்துணைப் பெரிய மேதையாயினும், அயல்நாட்டில் படுக்கையில் படுப்பதையும் ஒருவர் கற்பிக்க வேண்டியிருக்கிறது. "இது எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொடுங்கள்" என்று கேட்கும் துணிவே அயல்நாட்டு வாழ்வின் முதற் பாடம் என்று நாம் கருதுகின்றோம். நம் வீடுகளில் இப்பாடத்தை நாம் கற்பிப்பதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டவே கற்பிக்கின்றோம்.

நிற்க. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நம் மகள் புறப்பட்டாள். விமான நிலையத்தில் பாட்டியிடம் தொலைபேசியில், "பாட்டி, நான் போகிறேன்" என்றாள். அவ்வளவுதான்! மறுமுனையில் நம் அன்னையார் அழத் தொடங்கிவிட்டார். "போகிறேன் என்று சொல்லலாமா? போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாதா? என்ன பிள்ளை வளர்த்திருக்கிறாய்!" என்று நம்மைக் கடிந்துகொண்டார். அக்குற்றம் நம்முடையதே. இல்லத்தில் நாம் தமிழில் கேட்போம்; பிள்ளைகள் இந்தியில் விடை கூறுவர். "புரிந்தால் போதும்" என்று இருந்துவிட்டோம். இங்கு அமர்ந்திருக்கும் பெற்றோர் பலர்க்கும் இந்நிலை தெரியாததன்று.

அவளுக்கு ஒதுக்கப்பட்ட ஊர் ஹொக்கைடோத் தீவிலுள்ள அசாஹிகாவா என்பது. ஜப்பானின் வடகோடியில் அமைந்த பெருந்தீவு ஹொக்கைடோ. சப்போரோ நகரிலிருந்து அசாஹிகாவாவுக்கு இருப்புப்பாதை வழியே ஏறக்குறைய 137 கிலோமீட்டர். விரைவு வண்டி ஒன்றரை மணிக்குள் சென்று சேர்கிறது. ஜப்பானில் இதுகாறும் பதிவான கடுங்குளிர் அவ்வூரில்தான் பதிவாயிற்று: 1902-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், சுழிக்குக் கீழே 41 பாகை! தில்லியின் தை மாதக் குளிருக்கே மூன்று போர்வை கேட்பவள் நம் மகள். எனினும் அவ்வூரைச் சுற்றிலும் நெல் விளைகிறது என்று அவள் எழுதியபோது, காவிரிக்கரையில் பிறந்த நம் உள்ளம் சற்று ஆறுதல் பெற்றது.

அவள் சென்று சில நாட்களே ஆகியிருந்தன. செப்டம்பர் 6-ஆம் நாள் விடியற்காலை மூன்று மணியளவில் ஹொக்கைடோவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. நம் நாட்டில் அப்போது ஐந்தாம் நாள் இரவு பதினொன்றரை மணி கடந்திருந்தது. நாம் இரவுப் பணியில் இருந்தோம். தோமாதோ அத்சுமா என்னுமிடத்திலுள்ள அனல்மின் நிலையம் அத்தீவின் மின்தேவையில் ஏறக்குறைய பாதியை ஈடுசெய்து வந்தது. அது நடுக்கத்தால் நின்றவுடன் எஞ்சிய நிலையங்களும் சுமை தாங்காது ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தீவு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. ஏறத்தாழ 29 இலட்சத்து 50 ஆயிரம் இல்லங்களில் மின்சாரம் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அசாஹிகாவா நடுக்கத்தின் மையத்திலிருந்து தொலைவில் உள்ளது என்பதை நாம் அறியோம். தொலைக்காட்சியில் மலைச்சரிவுகள் மண்ணாய் விழுந்து கிடப்பதை மட்டுமே கண்டோம்.

அன்று காலை முதல் மாலை வரை நம் மகளின் கைப்பேசி மணி அடிக்கவே இல்லை. நண்பகலில், "மாணவர் அனைவரும் நலம்" என்று அமைப்பாளரிடமிருந்து செய்தி வந்தது. செய்தியை அறிவு நம்பியது, நெஞ்சம் நம்பவில்லை. துணைவியார் அடுப்பை மூட்டவில்லை. "அனுப்புங்கள் என்று சொன்னவள் நான்தானே" என்று ஒருமுறை கூறினார், பிறகு பேசவில்லை. நம் வாழ்வில் எத்தனையோ ஆயிரம் மூட்டைகளுக்கு, "தவறாது போய்ச் சேரும்" என்று பிறரிடம் கூறியிருக்கிறோம். காத்திருப்போரின் நிலை எத்தகையது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

மறுநாள் அவள் குரலைக் கேட்டோம். அழுகுரலை எதிர்பார்த்திருந்தோம். அவளோ, "அப்பா, நேற்றிரவு வானத்தில் எத்தனை விண்மீன்கள் தெரியுமா! தில்லியில் இத்தனை நான் கண்டதே இல்லை" என்றாள். அவளை ஏற்ற குடும்பத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். அவர் இருளில் இவள் கையைப் பற்றிக்கொண்டு விடியும்வரை அமர்ந்திருந்தாராம். இருவர்க்கும் பொதுமொழி ஒன்றும் இல்லை. காலையில் குடும்பத்தாரோடு சேர்ந்து இவளும் அண்டை வீட்டு முதியவர்களுக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறாள். அவ்வட்டாரக் கடைகள் பல, மோட்டார் வண்டியின் மின்கலத்தைக் கொண்டு கணக்குப் பொறியை இயக்கித் திறந்தே இருந்தன. மக்கள் ஒருவரையொருவர் தள்ளாமல் வரிசையில் நின்று, தமக்கு வேண்டிய அளவே வாங்கினர். இதை அவள் கூறக் கேட்டபோது, நம் இல்லத்தில் தண்ணீர்க் குடம் ஒன்றையும் தூக்கியறியாத பெண் இவள்தானா என்று வியந்தோம்.

ஆனால் அன்பர்களே, இத்தகைய பெருநிகழ்ச்சிகளைத் தாங்குவது எளிது; அன்றாட வாழ்வைத் தாங்குவதுதான் அரிது. அக்டோபர்த் திங்களில் அவள் சோர்ந்துவிட்டாள். வகுப்பில் ஆசிரியர் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. தோழியர் அன்பாகவே இருந்தனர். ஆயினும் அவர்கள் சிரிக்கும்போது எதற்காகச் சிரிக்கின்றனர் என்பது இவளுக்குத் தெரியாது. உணவிலும் தொல்லை. நாங்கள் மரக்கறி உணவினர். ஜப்பானியர் வைக்கும் சாறு பலவற்றில் காய்ந்த மீனை ஊறவைத்த நீரே அடிப்படை என்பதை அவள் தாமதமாகவே அறிந்தாள். இதனை எங்ஙனம் சொல்வது என்று தெரியாமல் பல நாள் வெறுஞ்சோறு உண்டிருக்கிறாள். ஓரிரவு நம்மிடம், "என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். நாம் உடனே "வந்துவிடு" என்றோம். நம் துணைவியார் தொலைபேசியை வாங்கி, "முதலில் அந்த வீட்டு அம்மாவிடம் நாளைக் காலையில் உண்மையைச் சொல். அதன் பிறகும் வரத் தோன்றினால் வா" என்றார்.

மறுநாள் அவள் படம் வரைந்து காட்டிச் சொல்லியிருக்கிறாள். அவ்வம்மையார் திகைத்துப் பலமுறை தலை வணங்கி வருத்தம் தெரிவித்தாராம். அன்று முதல் கொம்பு என்னும் கடற்பாசியை ஊறவைத்து இவளுக்கெனத் தனிச் சாறு வைத்தார். ஜப்பானில் கிடைக்கும் கொம்பில் மிகப் பெரும்பகுதி ஹொக்கைடோக் கடலில்தான் கிடைக்கிறது. ஆக, மருந்து அவ்வீட்டு அடுக்களையிலேயே இருந்தது. கேட்பதற்கு வாய்தான் திறக்கவில்லை! கேட்கத் தெரிந்த பின் அவள் திரும்ப வருவதாகச் சொல்லவே இல்லை.

அந்நாட்டுப் பள்ளிகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். மாணவர் வாயிலில் காலணியைக் கழற்றி, உள்ளே அணிவதற்கென வைத்துள்ள வேறு காலணியை அணிந்துகொள்கின்றனர். பாடம் முடிந்தபின் வகுப்பறையையும் நடைவழியையும் மாணவரே துடைத்துப் பெருக்குகின்றனர். முதல் நாள் துடைப்பத்தைக் கையிற் பிடித்தபோது நம் மகளுக்கு வெட்கமாக இருந்ததாம். "என் அப்பா ரயில்வேயில் எழுத்தர், நான் பெருக்குவதா என்று தோன்றியது" என்று பின்னர் நம்மிடம் கூறினாள். அச்சொல் நம்மைத் தைத்தது. தில்லியில் நம் குடியிருப்பைக் கூட்டிப் பெருக்கும் அம்மையாரின் பெயர் நமக்கு அதுவரை தெரியாது. பல்லாண்டுகளாக அவரை நாள்தோறும் கண்டிருக்கின்றோம். அப்பெயரைக் கேட்டறிந்தது மகள் திரும்பி வந்த பிறகுதான், கேட்டவளும் அவளே.

ரயில்வேக்காரர் என்பதால், அந்நாட்டுப் புகைவண்டிகளைப் பற்றி நாம் அவளிடம் ஓயாது வினவினோம். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தோக்கியோவுக்கும் ஓசாகாவுக்கும் இடையே அதிவிரைவு வண்டியை ஓட விட்டவர்கள் அல்லவா! ஆனால் அவள் எழுதியது விரைவைப் பற்றி அன்று. நிலைய ஊழியரும் வண்டி ஓட்டுநரும் கைகாட்டியை விரலாற் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுக் கூறுவதைப் பற்றி எழுதினாள். நம் ஓட்டுநர்களும் அடையாள விளக்கைக் கண்டு உரக்கச் சொல்வதுண்டு. எனினும் அங்கு எல்லாப் பணிக்கும் அது வழக்கம். 1994-ஆம் ஆண்டில் அந்நாட்டு ரயில்வே ஆய்வு நிறுவனம் சோதித்தபோது, இவ்வாறு சுட்டிச் சொல்வதால் தவறுகள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. இதைப் படித்தபின், பார்சலின் சேருமிட நிலையத்தின் பெயரை நாமும் வாய்விட்டுச் சொல்லி எழுதத் தொடங்கினோம். உடன்பணியாளர் நகைத்தனர். நகைக்கட்டும், தவறு குறைந்தது உண்மை. மகளை ஜப்பானுக்கு அனுப்பி நாம் கற்ற முதற் பாடம் அதுவே.

இனி மொழியைப் பற்றிய செய்திக்கு வருவோம். ஜப்பானிய மொழியில் வினைச்சொல் தமிழைப் போலவே வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. நாம் "புத்தகத்தை" என்று ஐகாரம் சேர்ப்பது போல அவர்களும் "ஹோன் வோ" என்று பெயருக்குப் பின்னே உருபு சேர்க்கின்றனர். நாம் "வந்தானா" என்று இறுதியில் வினா எழுத்தை வைப்பது போல அவர்களும் இறுதியில் "கா" என்று வைக்கின்றனர். சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் இவ்வொற்றுமைகளைக் கொண்டு இரு மொழிக்கும் உறவு உண்டு என்று நூல்கள் எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, தமிழறிந்த பிள்ளைக்கு அம்மொழியின் வாக்கியப் போக்கு எளிதில் கைவருகிறது என்பது மட்டும் உண்மை. நம் மகள் இந்தியையும் ஆங்கிலத்தையும் துணைக்கொண்டு கற்கத் தொடங்கினாள். ஒரு நாள் தற்செயலாகத் தமிழில் எண்ணிப் பார்த்தபோது வாக்கியம் தானே அமைந்ததாம்.

அங்கு ஒவ்வொருவரும் காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது "இத்தே கிமாஸ்" என்கின்றனர். "இத்தே" என்றால் போய். "கிமாஸ்" என்றால் வருகிறேன். வீட்டிலுள்ளோர், "இத்தேராஷாய்" என்று விடை கொடுக்கின்றனர்; போய் வா என்பதே அதன் கருத்து. இதன் பொருளை அவள் உணர்ந்த நாளில் பள்ளிக்குச் செல்லாமல் வாயிலிலேயே நின்றுவிட்டாளாம். அன்று மாலை அவள் அழைத்தது நம்மையன்று, கும்பகோணத்துப் பாட்டியை. "பாட்டி, அன்றைக்கு நான் தவறாகச் சொல்லிவிட்டேன். போய் வருகிறேன் பாட்டி" என்றாள். புறப்பட்டு மூன்று திங்கள் கழித்துச் சொன்ன விடை அது! நம் அன்னையார் அதனை ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

பள்ளியில் ஒரு நாள், உன் பெயரை உன் தாய்மொழியில் எழுதிக் காட்டு என்று கேட்டனர். கரும்பலகையின் முன் நின்ற நம் மகள் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாமல் இந்தியில் எழுதினாள். அதுதான் உன் தாய்மொழியா என்று ஆசிரியர் கேட்டபோது ஆம் என்று சொல்லவும் முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. இதை அவள் நமக்கு எழுதிய இரவில் நமக்கு உறக்கமில்லை. நம் தில்லியில் 1923-ஆம் ஆண்டு முதலே நம் முன்னோர் கல்விக் கழகம் அமைத்து, இன்று ஏழு பள்ளிகளில் தமிழ் கற்பிக்கின்றனர். வாய்ப்பு வாயிலில் இருந்தும் நம் பிள்ளைக்கு நாம் அளிக்கவில்லை. அவள் ஹொக்கைடோவில் அமர்ந்து அகர வரிசையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். துணைவியார் ஏட்டில் எழுதி அனுப்பினார்.

இவ்விடத்தில் ஜப்பானியப் பெண்மணி ஒருவரின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். 1871-ஆம் ஆண்டில் ஹொக்கைடோவை வளம்படுத்தும் பொறுப்பிலிருந்த அரசு அலுவலகம், ஐந்து சிறுமியரை அமெரிக்காவுக்குக் கல்வி கற்க அனுப்பியது. அவருள் இளையவர் சுதா உமேகோ, வயது ஆறு. அவர் 1882-இல் திரும்பியபோது தாய்மொழியைப் பெரும்பாலும் மறந்திருந்தார். பெற்ற அன்னையோடு பேசவும் தடுமாறினார். மனந்தளராது மீண்டும் கற்றார். 1900-ஆம் ஆண்டில் பெண்களுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். அது இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 2024-ஆம் ஆண்டு வெளியான ஐயாயிரம் யென் தாளில் அவருடைய உருவத்தை அந்நாட்டரசு பொறித்திருக்கிறது. வெளியே சென்றதால் இழந்தவரும் அவரே. அவ்விழப்பை உணர்ந்து பிறர்க்கு வழி அமைத்தவரும் அவரே. கடல் கடக்காமலேயே, தில்லியில் இருந்தபடியே நாம் இழப்பது எவ்வளவு என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவள் திரும்பினாள். இன்பமாக முடிந்தது என்று கூறி உரையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் உண்மை அதுவன்று. திரும்பிய பின் வந்த நாட்களே அவளுக்கு மிகக் கடினமாக இருந்தன. பதினோராம் வகுப்பில் அவள் மீண்டும் அமர வேண்டியதாயிற்று. உடன் படித்தோர் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சென்றுவிட்டனர். வீட்டுக்கு வருவோரெல்லாம், "எங்கே, ஜப்பானிய மொழியில் ஒன்று சொல்" என்று காட்சிப்பொருளாக்கினர். நாமும் அதைச் செய்தோம். அவள் பேச்சுக் குறைந்தது. தண்டவாளத்தில் கழற்றி மாட்டிய பெட்டியைப் போல், பழைய இடத்தில் அவள் உடனே பொருந்தவில்லை.

ஓரிரவு உணவுக்குப்பின் அவள் நம்மிடம் கேட்டாள்: "அப்பா, நீங்கள் தில்லிக்கு வந்த முதல் ஆண்டு எப்படி இருந்தது?"

அன்பர்களே, அதுவரை அக்கேள்வியை நம்மிடம் எவரும் கேட்டதில்லை. நாமும் சொன்னதில்லை. அன்று சொன்னோம். அலுவலகத்தில் பிறர் சிரித்தபோது நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கின்றனர் என்று எண்ணியது. சோற்றுக்காகக் கரோல்பாக் வரை நடந்தது. முதல் தீபாவளியன்று அறையைத் தாழிட்டுக்கொண்டு அழுதது. உடன் தங்கிய பஞ்சாபி முதியவர் ஒருவர் கதவைத் தட்டி, ஒன்றும் பேசாமல் ஒரு கிண்ணம் பாயசத்தை வைத்துச் சென்றது. யாவற்றையும் சொன்னோம். அவள் எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். "எனக்கும் அப்படித்தான் அப்பா" என்றாள். தந்தையும் மகளும் ஒரே அனுபவமுடைய இருவராக அமர்ந்து பேசிய முதல் இரவு அது. அவ்வாண்டை நாம் இதுகாறும் பறிபோன படிப்பின் ஆண்டாகவே எண்ணியிருந்தோம். அதுவும் ஒரு பள்ளியாண்டுதான் என்பதை நம் மகள் உணர்த்தினாள். நமக்கு மட்டும் பாயசம் வைத்தவரைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை.

ஜப்பான் சென்று வந்ததால் அவள் பெரும்பதவி பெற்றாளா என்று கேட்போர் உளர். இல்லை. 2021-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு பொதுத் தேர்வும் நடைபெறவில்லை. பின்பு கல்லூரியில் வணிகவியல் பயின்று, இன்று ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாள். ஜப்பானிய மொழியால் அவளுக்கு வருவாய் இல்லை. ஞாயிறுதோறும் நம் குடியிருப்புச் சிறுவர் சிலரைக் கூட்டித் தமிழெழுத்துக் கற்பிக்கிறாள். இதனைக் குறைந்த பயன் என்று நாம் கருதவில்லை. வில்லியம் கிளார்க் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1876-ஆம் ஆண்டில் சப்போரோவுக்கு வந்து எட்டுத் திங்களே தங்கிச் சென்றார். இன்றளவும் அத்தீவு அவரை மறக்கவில்லை. எட்டுத் திங்கள் சிறிய காலமன்று.

பெற்றோர்க்குச் சில சொற்கள். பிள்ளைக்கு உண்மையான விருப்பம் இருந்தால் மட்டுமே அனுப்புங்கள். உங்கள் பெருமைக்காக அனுப்பாதீர்கள். அங்குப் பயிலும் ஆண்டை இங்குள்ள பள்ளி ஏற்குமா என்பதை முன்னரே எழுத்து மூலம் கேட்டறியுங்கள். ஓராண்டு பின்தங்க நேரின் அதற்கு மனத்தை ஆயத்தப்படுத்துங்கள். சோறு வடிக்கவும், துணி துவைக்கவும், தன் பெயரைத் தமிழில் எழுதவும் கற்பித்து அனுப்புங்கள். நாள்தோறும் அழைத்துப் பேசாதீர்கள்; அழுதால் உடனே "வந்துவிடு" என்னாதீர்கள். நாம் செய்த பிழை அது. திரும்பி வந்தபின் காட்சிப்பொருள் ஆக்காமல், பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்.

கடல் கடக்க வாய்ப்பில்லாதோர் வருந்த வேண்டியதில்லை. நம் நாட்டின் நவோதயப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒரு பகுதியினரை, இந்தி வழங்கும் பகுதிக்கும் பிற பகுதிக்கும் இடையே ஓராண்டு மாற்றி அனுப்பும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் அப்பள்ளிகள் இல்லை. புதுவையிலும் காரைக்காலிலும் உள்ளன. விடுமுறையில் நம் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பி, தாத்தா பாட்டியோடு இரண்டு திங்கள் தங்கச் செய்வதும் இவ்வகைக் கல்வியே.

இறுதியாக ஒன்று. அயல்நாட்டு மாணவர் தில்லிக்கும் வருகின்றனர். அவர்களை ஏற்கும் இல்லங்கள் வேண்டியிருக்கின்றன. நம் குடியிருப்பில் இரண்டே அறைகள். இருப்பினும் மகளின் கட்டிலுக்கு அருகில் இன்னொரு கட்டில் போட இடமுண்டு என்று துணைவியார் அளந்து வைத்திருக்கிறார். விண்ணப்பம் எழுதி முடித்துவிட்டோம். நம் மகளுக்கு இருளில் கை கொடுத்த அம்மூதாட்டிக்கு நாம் நேரில் நன்றி கூற இயலாது. எங்கோ பிறந்த ஒரு பிள்ளைக்கு ஒரு கிண்ணம் பாயசம் வைப்பதே அதற்கு ஈடாகும். உங்களுள்ளும் சிலர் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

 போய் வருகிறோம்.